தொலைக்காட்சியில் நான் சொன்ன ஒரு வாக்கியம்

கபடியைப் பற்றித் தொலைக்காட்சியில் பேச வரமுடியுமா என்று சென்னையிலிருந்து போன் வந்தபோது நான் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை. பதினெட்டு வருடமாக அதே வேலைதான். அதற்கு முன்னால் நான்கு வருடம் மாநில அணிக்குக் கபடி ஆடியிருக்கிறேன். இடது ஓரத்தில் நிற்பேன். எதிரணியிலிருந்து பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்து விழவைப்பது என் பொறுப்பு. அந்தப் பிடியை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை சக ஆசிரியை ஒருத்தி போனில் படம் பிடித்துப் போட்டிருந்தாள். அது எங்கெங்கோ சுற்றி அந்தச் சேனல்காரர்கள் கையில் கிடைத்திருக்கிறது. ஆடிய அனுபவம் உள்ள, தமிழில் கோர்வையாகப் பேசக்கூடிய ஒரு பெண் அவர்களுக்குத் தேவைப்பட்டாள்.

என் கணவர் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார், பைப் சாமான்கள் விற்கிற கடை வைத்திருக்கிறார். ஏமாற்றுப் போன்கள் அவருக்கு நிறைய வரும்.

"இப்படித்தான் நல்லாப் பேசுவானுவ. கடைசில ஓடிபி கேப்பானுவ" என்றார்.

யாரும் ஓடிபி கேட்கவில்லை. மறுநாள் ரயில் டிக்கெட் வந்தது. பள்ளித் தாளாளரிடம் போய்ச் சொன்னபோது அவர் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார். டிவியில் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும், சில வாரங்களில் வெள்ளியும் சேர்த்து, போட்டித் தொடர் முடியும்வரை நான் சென்னைக்குப் போய் வருவதென்று ஏற்பாடு.

ஸ்டுடியோவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் பேர்போன ரெய்டர். ரெய்டர் என்றால் எதிரணியின் களத்துக்குள் பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவர். ஐம்பது வயதிருக்கும். பல வருடமாகத் தொலைக்காட்சியில் பேசிப் பழகியவர். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் முதுகு நிமிர்ந்து குரல் கனத்துவிடும். விளக்கு அணைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார்.

முதல் வாரம் எனக்கு எல்லாம் சுலபமாக இருந்தது. ஆட்டத்தைப் பார்த்தேன், கேட்டதற்குச் சொன்னேன். அந்தத் தொடரில் ஆடிய ஒருவன் கரிவலம்வந்தநல்லூர்க்காரன். எங்கள் ஊரிலிருந்து ராஜபாளையம் பஸ் ஏறினால் வழியில் வருகிற ஊர், பேச்சில் கரிவலம் என்றுதான் சொல்வோம். இருபத்தைந்து வயது ரெய்டர். மாவட்டப் போட்டிகளில் நான் நடுவராக நின்ற ஆட்டங்களில் அவன் ஆடியிருக்கிறான். அப்போதிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். முந்தின வருடம் இடது முழங்காலில் அடிபட்டபோது நல்ல டாக்டர் யார் என்று போன் செய்து கேட்டான். அவனைப் பற்றிக் கேள்வி வந்ததும் நான் தாராளமாகப் பேசினேன். இந்தத் தொடரிலேயே துணிச்சலான கால் அவனுடையதுதான் என்றேன். ஊரில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு மனதில் இருந்தது. அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாரம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். முப்பது வயதுப் பெண். கோபப்படவே மாட்டாள். நீங்கள் இரண்டு பேரும் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொல்கிறீர்கள், ஒருவர் பேசியதும் அடுத்தவர் ஆமாம் என்கிறார், அந்த இடத்தில்தான் ஜனங்கள் வேறு சேனலுக்குப் போய்விடுகிறார்கள் என்றாள். டி.ஆர்.பி. குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது தமிழ் நிகழ்ச்சியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னாள். அதனால் இனி ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி இருக்கும். ஒருவர் ஆம், ஒருவர் இல்லை. யார் எந்தப் பக்கம் என்பதை மதியம் நடக்கும் கூட்டத்தில் முடிவு செய்துகொள்ளலாம். பேச வேண்டிய குறிப்புகளை எழுதித் தர ஆள் இருக்கிறது.

நான் தஞ்சாவூர்க்காரரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இது புதிதில்லை.

வெளியே வந்ததும், "இதுல மனசு கஷ்டப்பட ஒன்னும் இல்லம்மா. பட்டிமன்றம் பார்த்ததில்லையா? அது மாதிரிதான்" என்றார்.

பட்டிமன்றத்தில் யார் எந்த அணி என்று முதலிலேயே சொல்லிவிடுவார்களே, இங்கே பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதே என்று கேட்டேன். தெரிந்தால் பார்ப்பார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அடுத்த சில நாட்கள் நடந்ததை மறைக்காமல் சொல்லவேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. சின்னச் சின்ன விஷயங்கள்தான். கடைசி ஐந்து நிமிடத்தில் வேகமாக ஆடவேண்டுமா, நேரத்தைக் கடத்தவேண்டுமா என்பது போல. எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேச நாலு காரணம் இருந்தது. அவர் ஒன்று சொல்ல நான் மறுக்க, நெறியாளர் நடுவில் புகுந்து இன்னும் தூண்டிவிட, நேரம் போவதே தெரியாது. முடிந்ததும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவோம். ஊரிலிருந்து என் கணவர் போன் செய்து, "அந்த ஆளு என்ன உன்ட்ட அப்படிக் கத்துதாரு?" என்று கோபமாகக் கேட்பார். அந்த ஆள் எனக்கு மாங்காய் ஊறுகாய் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல வராமல் சிரித்துச் சமாளிப்பேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. கரிவலத்துப் பையனின் அணி தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றிருந்தது. மதியக் கூட்டத்தில் கேள்வியைச் சொன்னார்கள். அவனை இன்னும் ஆடும் ஏழு பேரில் வைத்திருக்கலாமா, வெளியே உட்காரவைக்கவேண்டுமா?

தஞ்சாவூர்க்காரர் உள்ளபடிக்கே அவனை உட்காரவைக்கவேண்டும் என்று நினைத்தார். முந்தின நாள் சாப்பிடும்போதே என்னிடம் சொல்லியிருந்தார். அவன் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே பிரச்சினையே இல்லை, அவரவர் மனதில் உள்ளதையே பேசிவிடலாம் என்றேன். தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நீங்க உங்க ஊர்ப் பையனுக்குச் சப்போர்ட் பண்ணா அதுல என்ன இருக்கு மேடம்? எல்லாரும் அதைத்தான் எதிர்பார்ப்பாங்க. நீங்களே வேண்டாம்னு சொன்னாத்தான் கேப்பாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. அன்றைக்குப் பெரிய ஆட்டம், எல்லாரும் பரபரப்பாக இருந்தார்கள், என்னால் தாமதமாகிறது என்று தோன்றியது. அதோடு, எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசிவிடுவாள் என்று அவர்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டது காதில் விழுந்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது. சரி என்றேன்.

எனக்குத் தந்த தாளில் நான்கு குறிப்புகள் இருந்தன. போன வருடத்தைவிடப் புள்ளி குறைவு. அணியில் மாற்று ரெய்டர் தயாராக இருக்கிறார். களைப்பு. பயிற்சியாளரின் திட்டத்துக்குப் பொருந்தவில்லை. யாரைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லக்கூடிய விஷயங்கள்.

நேரலையில் நான் முதல் மூன்றைச் சொன்னேன். தஞ்சாவூர்க்காரர் தன் மனதுக்கு எதிராக அவனைத் தூக்கிப் பேசினார். அனுபவம் அவருக்கு. அவன் ரெய்டைப் பற்றி ஒரு காவியமே பாடிவிட்டார். என் பக்கம் எடுபடவில்லை. காதில் மாட்டியிருந்த கருவிக்குள் தயாரிப்பாளரின் குரல் கேட்டது. "கொஞ்சம் அழுத்தமா மேடம், கொஞ்சம் அழுத்தமா." அந்த நேரம் பெரிய திரையில் முந்தின ஆட்டத்தில் அவன் பாடிப் போன காட்சியை மெதுவாக ஓட்டினார்கள். ஓரத்தில் நின்று பழகியவர்கள் வருகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டோம். பாதத்தைத்தான் பார்ப்போம். நான் அவன் இடது பாதத்தைப் பார்த்தேன். பிறகு பேசினேன்.

"அவனுக்குப் பயம் வந்துட்டு. கால முன்ன வைக்கும்போதே திரும்புததுக்கு எடம் பாக்கான், பாருங்க. பாடிப் போறவன் மாதிரியா இருக்கு? தப்பிச்சு வாறவன் மாதிரிலா இருக்கு."

மறுத்துப் பேசவேண்டிய தஞ்சாவூர்க்காரர்கூடத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு விளம்பர இடைவேளை விட்டார்கள். தயாரிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அந்த வாக்கியம் மட்டும் தனியாக வெட்டப்பட்டு எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பெரிய எழுத்தில், சொந்த ஊர்க்காரரையே விட்டுவைக்காத வீராங்கனை என்று போட்டிருந்தார்கள். என் வாய் திறந்திருக்கிற ஒரு படம். பக்கத்தில் அவன் தலைகுனிந்து நடக்கிற படம். அது வேறு ஏதோ ஆட்டத்தில் எடுத்தது. அடுத்த ஆட்டத்தில் அவனை உட்காரவைத்துவிட்டார்கள். நான் சொன்னதால்தான் என்று சொல்லமுடியாது. பயிற்சியாளருக்கும் கண் உண்டு. ஆனால் ஊரில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்தே தெரிந்தது. ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர், "டீச்சர், போட்டுத் தாக்கிட்டீங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். கரிவலத்திலிருந்து வருகிற இரண்டு பிள்ளைகள் விளையாட்டுப் பீரியடில் மைதானத்துக்கு வராமல் தலைவலி என்று வகுப்பிலேயே இருந்துகொண்டார்கள். என் கணவரின் கடைக்கு அந்த ஊரிலிருந்து வழக்கமாக வருகிற, தோட்டம் வைத்திருக்கிற ஒரு சம்சாரி, மோட்டாருக்கு வேண்டிய சாமானை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்டம்மா ஏன் அப்படிச் சொன்னாவ அண்ணாச்சி?" என்று கேட்டாராம். என் கணவர் வீட்டுக்கு வந்து என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார். டிவியில் அப்படித்தான் பக்கம் பிரித்துக்கொடுப்பார்கள் என்று நடந்ததைச் சொன்னேன். அப்படியென்றால் இத்தனை வருடமாகக் கிரிக்கெட் முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறார்களே, அதுவும் இப்படித்தானா என்று கேட்டார். அந்தப் பேச்சுகளை நம்பித் தன் மச்சானோடு அவர் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

புதன்கிழமை மதியம் அவனுடைய அக்கா பள்ளிக்கு வந்தாள். கரிவலத்தில் வீட்டில் மிஷின் வைத்துத் துணி தைக்கிறாள். நல்ல சேலை கட்டி, பஸ்ஸில் வந்திருந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்து வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் சண்டை போடவில்லை. தம்பி போனை எடுத்தால் ரெண்டு வார்த்தைதான் பேசுகிறான், அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு நேராகக் கேட்டாள்.

"டீச்சர், நீங்க சொன்னது நெசமா, இல்ல டிவிக்காவா?"

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, டிவிக்காகத்தான் என்றேன். பக்கம் பிரித்துக் கொடுப்பதையும், குறிப்பு எழுதித் தருவதையும் சொன்னேன். எனக்கு வேறு பக்கம் வந்திருந்தால் அவனைப் புகழ்ந்திருப்பேன் என்றேன். அவள் முகம் தெளிந்தது. அப்படித்தான் அம்மாவிடம் சொன்னேன், டீச்சர் மனசறிந்து சொல்லமாட்டார்கள் என்றாள். கைப்பையை எடுத்துக் கிளம்பப் போனவள் நின்றாள்.

"அப்ப, மொத வாரம் அவனப் பத்தி நல்லாச் சொன்னீயள்லா, துணிச்சலான காலுன்னு. அம்மா அத போன்ல திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பா. அதும் டிவிக்காத்தானா?"

குத்திக் காட்டவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லையில்லை, அது நான் மனதாரச் சொன்னது என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் ஒன்று பொய் என்று சொன்ன வாயாலேயே இன்னொன்று நிஜம் என்று சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குக் குழப்பமாக இருந்ததை நான் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்கு மைதானத்தில் வேலை ஓடவில்லை. நான் அவளிடம் சொன்னதில் எது சரி? முதல் வாரம் யாரும் எனக்குப் பக்கம் பிரித்துக் கொடுக்கவில்லை, தாள் எழுதித் தரவில்லை. ஆனால் அப்போதே அவன் இடது காலை நான் கவனித்திருந்தேன். அடிபட்ட முழங்காலில் முழு எடையை வைக்க அவன் யோசிக்கிறான் என்பது முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் துணிச்சலான கால் என்றேன். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, கரிவலத்தில் அவன் வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அப்படிச் சொன்னேன். அது சேனலுக்காகச் சொன்னதில்லை. எங்கள் ஊருக்காகச் சொன்னது. சேனல் சொல்லிச் செய்ததாக அவளிடம் நான் தள்ளிவிட்ட வாக்கியம்தான், என் கண்ணால் பார்த்து, என் வாயால் சொன்னது.

அடுத்த வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போனதும் தயாரிப்பாளரிடம் கோபமாகப் பேசினேன். என்னை வைத்து அந்தப் பையனைக் கேவலப்படுத்திவிட்டீர்கள் என்றேன். அவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து அந்தச் சனிக்கிழமைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல பயம்னு எங்கயாவது இருக்கா மேடம்? பக்கம்தான் நான் கொடுத்தேன். அந்த வார்த்தை உங்களோடது."

அதை வெட்டித் தலைப்புப் போட்டது நீங்கள்தானே என்று கேட்டேன். ஆமாம், அது எங்கள் வேலை என்றாள். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. அந்தப் பெண்ணின் மேல் என்னால் முழுதாகக் கோபப்பட முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

சாப்பாட்டு நேரத்தில் தஞ்சாவூர்க்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் பேசியதில் எது எழுதிக் கொடுத்தது, எது சொந்தம் என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டதாம்.

"அதுவரைக்கும் செய்தி வாசிக்கிற மாதிரி பேசிக்கிட்டு இருந்தீங்க. அந்த ஒரு வரிதான் உங்க ஊர்ப் பேச்சுல வந்துச்சு."

மனதில் இல்லாததைப் பேசுவது அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆரம்பத்தில் பொய்யாக ஒரு பக்கம் பேசினால் வீட்டுக்குப் போனதும் தூக்கம் வராதாம். பிறகு பழகிவிட்டதாம். இப்போது வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போதுகூட, ஒருவன் நன்றாக ஆடினால் உடனே அதற்கு எதிராக என்ன பேசலாம் என்றுதான் மனது ஓடுகிறதாம். அவன் ஆட்டம் தனக்குப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்பதே தெரிவதில்லை என்றார். இதை அவர் வருத்தத்தோடு சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. கை கழுவப் போய்விட்டார்.

மிச்சமிருந்த வாரங்களிலும் நான் போனேன். பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஒப்புக்கொண்ட வேலை என்பது ஒரு காரணம். நான் விட்டுவிட்டால் எல்லாம் பொய் என்று ஊரில் முடிவுகட்டிவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். ஆட்களைப் பற்றிய கேள்வியில் மட்டும் என் பக்கத்தை நானே எடுத்துக்கொள்வேன் என்று தயாரிப்பாளரிடம் சொன்னேன். ஆட்டத்தைப் பற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தரட்டும். அவள் சரி என்றாள். பெரும்பாலும் அந்தப் பேச்சைக் காப்பாற்றினாள்.

தொடர் முடிந்து பதினைந்து நாள் கழித்து அவன் ஊருக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் பைக்கில் கூட்டிப்போனார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நான் டீக்கடையில் இருக்கிறேன் என்று போய்விட்டார்.

அவன் அம்மா என்னைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, காப்பி போடுதேன் என்று எழுந்தாள். அவன் கட்டிலில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஆபரேஷன் செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எப்படிப் பக்கம் பிரித்துக் கொடுப்பார்கள், எப்படிக் காதுக்குள் பேசுவார்கள் என்று ஆரம்பித்தேன். அவன் குறுக்கே வந்தான்.

"அதெல்லாம் அக்கா சொன்னா. எனக்கு அது தெரியவேண்டாம். நீங்க சொன்னது நெசம்தான்க்கா. எனக்குப் பயம் இருந்துது."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றதைக் கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. முழங்கால் மறுபடியும் போய்விடுமோ என்று ஒவ்வொரு தடவை நடுக்கோட்டைத் தாண்டும்போதும் நினைப்பு வரும் என்றான். பயிற்சியாளரிடம் சொன்னால் உட்காரவைத்துவிடுவார்கள், வீட்டில் சொன்னால் வந்துவிடு என்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமலே ஆடியிருக்கிறான். நான் சொன்னதைப் போனில் பார்த்த அன்று, இது எப்படி வெளியே தெரிந்தது என்றுதான் முதலில் திடுக்கிட்டானாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அணி டாக்டரும் முழங்காலை மறுபடியும் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படியென்றால் நல்லதுக்குத்தான் ஆகியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

அவன் தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னான். "ஒன்னுதான்க்கா. ஒங்க நம்பர் எங்கிட்ட இருக்கு, என் நம்பர் ஒங்ககிட்ட இருக்கு. எனக்கு ஒரு போன் போட்டு, ஏலே காலப் பாருலேன்னு சொல்லிருக்கலாம்லா. ஊருக்கெல்லாம் சொன்னீயளே."

தப்புத்தான் என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான். அதற்கு மேல் அதைப் பேசவில்லை. அக்கா காப்பி கொண்டுவந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை மாதத்தில் ஓடலாம், எந்தப் பயிற்சி முதலில் செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் கிளம்பும்போது அவன் அம்மா வெளியே வந்தாள். "இருந்து சாப்பிட்டுப் போலாம்லா" என்றாள். இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

வண்டியில் திரும்பும்போது என் மனதில் ஓடியதெல்லாம் அவன் சொன்ன கடைசி விஷயம்தான். இத்தனை நாளும் நான் சொன்னது நிஜமா, நடிப்பா என்ற ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தேன். அவனுடைய அக்கா அதைக் கேட்டாள், என் கணவர் கேட்டார், நானும் கேட்டுக்கொண்டேன். அவன் அதைக் கேட்கவே இல்லை. யாரிடம் முதலில் சொல்லியிருக்கவேண்டும் என்றுதான் கேட்டான். அந்தக் கேமராவின் முன்னால் உட்காரும்போது, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த ஆள் ஒருவனைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசுவதாகத்தான் தோன்றும். அவனும் எங்கேயோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு வராது.

அவன் ஒரு வருடம் ஆடவில்லை. இப்போது ஒரு அலுவலக அணியில் ஆடுகிறான். பழைய வேகம் இல்லை, ஆனால் காலைத் தயங்காமல் வைக்கிறான். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினான். வீட்டுக்கு நான் இன்னும் சாப்பிடப் போகவில்லை.

மறு வருடமும் சேனலிலிருந்து கூப்பிட்டார்கள், போனேன். ஊரில் யாராவது, டீச்சர், டிவில பேசுததெல்லாம் நெசந்தானா என்று கேட்டால், எந்த நாளில் எது என் பக்கம், எது அவர்கள் கொடுத்த பக்கம் என்று நினைவிருக்கிறவரை சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்களுக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை என்பதையும் கவனித்தேன். பாதியிலேயே, அந்தத் தஞ்சாவூர்க்காரர் நேரில் எப்படி என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு வழக்கம் மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு ஆட்டக்காரரைப் பற்றிக் கடுமையாக ஏதாவது சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கே தோன்றினால், நிகழ்ச்சிக்கு முன்னால் எப்படியாவது நம்பர் வாங்கி அவருக்குப் போன் செய்கிறேன். தயாரிப்பாளருக்கு இது தெரியாது. சிலர் நன்றி என்கிறார்கள். ஒருவர், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று வைத்துவிட்டார். போன மாதம் ஒரு வடநாட்டுப் பையனைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது. பிடிக்கப் போகும்போது அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எந்த மொழியில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. ஸ்டுடியோவில் கூப்பிட்டுவிட்டார்கள். போய் உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னேன்.